உடுப்புக் காயும் அறையில் தொங்கிய சார்க்கி

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆவணி மாதக் கடைசி. ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நானும் மனைவியும் இருந்தோம். அந்த வருடம்தான் என்னை அந்தக் குடியிருப்பின் நிர்வாகசபைக்குத் தெரிவு செய்தார்கள். தெரிவு என்றால் போட்டி ஒன்றும் இல்லை. யார் வருகிறீர்கள் என்று தலைவி கேட்டபோது எல்லோரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள், நான் மட்டும் நிமிர்ந்திருந்துவிட்டேன். ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது இதை இப்படியே சொல்வேனா? நோர்வேக்காரர் என்னை நம்பிப் பொறுப்புத் தந்திருக்கிறார்கள் என்றுதான் சொன்னேன்.

எனக்குக் கிடைத்த பொறுப்பு நிலக்கீழ் அறைகள். அதில் ஒன்று உடுப்பு உலர்த்தும் அறை. வரிசையாகக் கொடிகள் கட்டியிருக்கும், மூலையில் ஒரு பெரிய பெட்டி இரவு பகலாகச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கும். நான் பொறுப்பெடுத்து இரண்டாம் மாதமே, கீழ்த்தளத்தில் இருந்த நோர்வேப் பெண்மணி தன் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். மோந்து பார்த்தேன். உண்மைதான், ஏதோ செத்துக் கிடக்கிற நாற்றம்.

அன்றிலிருந்து பஸ் ஓட்டும் வேலை முடிந்து வந்ததும், கையில் டோர்ச்சுடன் கீழே போய்விடுவேன். தண்ணீர் போகும் குழாயைப் பார்த்தேன், கதவிடுக்கைப் பார்த்தேன், எலிக்கு மருந்தும் வைத்தேன். மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் என் வேட்டி தொங்கியது. என் வேட்டியை நானே சந்தேகிக்க முடியுமா? தேடிக் களைத்து மேலே வந்தால் மனைவி சோறும் பருப்பும் பொரித்த கருவாடும் வைத்திருப்பாள். அது நான் ஃபியோர்டில் தூண்டில் போட்டுப் பிடித்த மக்ரெல் மீன், ஊரில் கும்பளா என்போமே, அதன் சொந்தக்காரன். குளிர்பெட்டி மூடமுடியாத அளவுக்குப் பிடித்துவிட்டேன். மனைவி முதலில் பல்கனியில்தான் காயப்போட்டாள். அவள் தும்புத்தடியோடு காவல் நிற்க நிற்கவே கடற்காகங்கள் பாதியைக் கொண்டுபோய்விட்டன. மீதி எப்படிக் காய்ந்தது என்று நான் கேட்கவில்லை. தட்டில் வந்ததை ஆராயும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மனைவி கீழிருந்து எடுத்துத் தந்த அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நல்ல சனம். ஆனாலும் என்னைச் சுற்றி இரண்டடிக்கு எல்லோரும் விலகி நின்றார்கள். நிர்வாகசபைச் செய்தி இங்கேயும் பரவிவிட்டது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். வந்ததும் மனைவி வேட்டியை அலசி மறுபடி அதே மூலையில் போட்டாள்.

மறுநாட் காலை கள்ளன் கையும் களவுமாகப் பிடிபட்டான். அப்படித்தான் நினைத்தேன். கடைசிக் கொடியில், இவ்வளவு நாளும் படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் என் கண்ணில் படாமல், கருஞ்சிவப்பு நிறத்தில் இறைச்சிக் கீலங்கள் வரிசையாகத் தொங்கின. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த பொலிவியா நாட்டுக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்பவர், என் வயதுதான். படியில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

இது என்ன என்று அதிகாரக் குரலில் கேட்டேன். அந்த மனிதர் நான் ஆசையாக விசாரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி, பெயர் சார்க்கி என்றார். தன் ஊர் மலையில் பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிக் காய்ச்சி எடுக்குமாம். அந்தக் காலத்தில் லாமா இறைச்சியில் செய்தார்களாம், இது மாடு. சார்க்கி என்பது மலைச் சனங்களின் கெச்சுவா மொழியில் காய்ந்த இறைச்சி என்றுதான் அர்த்தமாம். அதை ஸ்பானியர் எடுத்துக்கொண்டு போக, ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து வாங்கி ஜேர்க்கி ஆக்கிவிட்டார்கள் என்றார். உங்கள் ஊரிலும் இப்படி உண்டா என்று கேட்டார். வன்னியில் மான் இறைச்சியை வத்தல் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? சொல்ல மனம் வரவில்லை. நான் விசாரணைக்கு வந்த அதிகாரி அல்லவா! முறைப்பாடு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதியும் கொடுத்தேன். பெற்றோல் நிலையத்தில் பொதிகளில் பார்த்த ஞாபகத்தில் ஜேர்க்கி என்று எழுதினேன். தலைவி வாசித்துவிட்டு, எழுத்தில் எச்சரிக்கை போனால் வீட்டுச் சொந்தக்காரர் அந்த மனிதரை வீட்டை விட்டே எழுப்பிவிடுவார் என்று கவலைப்பட்டார். சட்டம் சட்டம்தானே என்றேன் நான்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கூட்டம். நான் சப்பாத்துப் போடும்போது மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கீழ் அறைத் திறப்பைத் தந்திட்டுப் போங்கோ. மிச்ச மீனை எடுக்கவேணும்."

"எந்த மீன்?"

"நீங்கள் பிடிச்ச மீன்தான். பெட்டிக்குப் பின்னாலை கட்டி, உங்கடை வேட்டியாலை மறைச்சு விட்டனான்."

"ஐயோ, அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

"நீங்கள் கேட்டனீங்களே? ரெண்டு கிழமையா நல்லாயிருக்கெண்டு சாப்பிடத் தெரிஞ்சுதுதானே!"

கோயிலில் சனம் ஏன் விலகி நின்றது என்பதும் அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

கூட்டத்துக்கு எப்படி நடந்து போனேனோ தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டு இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு மனம் சொல்லிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனத்தோடுதான் பத்து நிமிடம் இருந்தேன்.

பொலிவியாக்காரர் மடிப்புக் கலையாத சேர்ட் போட்டு வந்திருந்தார். தலைவி என் முறைப்பாட்டை வாசித்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. இறைச்சி தன்னுடையதுதான், எடுத்துவிடுகிறேன் என்றார். பிறகு கையை உயர்த்தி ஒன்றே ஒன்று கேட்டார். குற்றத்தை என்மேல் எழுதுங்கள், ஆனால் ஜேர்க்கி என்று எழுதாதீர்கள், அதன் பெயர் சார்க்கி, அது எங்கள் சனத்தின் சொல் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் அப்பாவின் பெயரைத்தான் எனக்குக் குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்கள், அதையும் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுவார்கள். நான் எழும்பிப் போவேன். ஒரு நாளும் திருத்தியதில்லை. இந்த மனிதரோ, வீடே போகப்போகிற நேரத்திலும் இறைச்சியின் பெயரைச் சரியாக எழுதச் சொல்கிறார்.

எழும்பினேன். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. மூன்று சிறிய வசனம்தான் வந்தது. நாற்றம் இறைச்சியில் இல்லை. மீனில். மீன் என்னுடையது.

தலைவி முறைப்பாட்டை மடித்துவைத்தார். பிறகு எல்லோருமாகக் கீழே போனோம். நானே என் வேட்டியை உரிந்தேன், கொடியிலிருந்துதான். பின்னால் பதினான்கு மக்ரெல் மீன்கள் வாலில் கட்டித் தொங்கின. கீழ்த்தளப் பெண்மணி முதலில் சார்க்கியை மோந்து பார்த்தார், அதில் ஒரு மணமும் இல்லை. பிறகு என் மீனை மோந்து பார்த்துவிட்டு, எங்கள் வடக்கிலும் ஊர் முழுக்க மீன் தொங்கும், ஆனால் என் படுக்கை விரிப்புக்குப் பக்கத்தில் அல்ல என்றார். தலைவி சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. இந்த அறையில் உணவுப் பொருள் காயப்போடக்கூடாது என்று ஓர் அறிவித்தலும் ஒட்டினார்கள். அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

படியில் ஏறும்போது பொலிவியாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு முதல் நாளே மீன் விஷயம் தெரியுமாம். என் மனைவி பயந்து பயந்து கட்டிவிட்டுப் போனதைக் கண்டாராம், காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையாம். நெருக்கமாகக் கட்டியதால் மீனின் ஒரு பக்கம் காயாமல் இருந்ததாம். ஒவ்வொரு காலையும் தன் சார்க்கியைத் திருப்பும்போது என் மீனையும் திருப்பிவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பெருமையாகத் தின்ற கருவாட்டில் பாதி வேலை அவருடையது.

அப்போதுதான் அவருக்கு வத்தலைப் பற்றிச் சொன்னேன். துறைமுகத்தில் நிற்கிறதே கட்டமரான் கப்பல், அந்தப் பெயர் எங்களுடைய கட்டுமரம் என்றும் சொன்னேன். நம்பாமல் இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று அறிந்து, அந்த மாரியில் எங்களுக்கென்றே ஆட்டிறைச்சியில் சார்க்கி செய்து தந்தார், தன் வீட்டு மின்சார அடுப்புக்குள் காயவைத்து. மனைவி தேங்காய்ப்பால் விட்டு வத்தல்கறி வைத்தாள். மூன்று பேருமாக ஒரே இருப்பில் சட்டியைக் காலி செய்தோம்.

இப்போதும் பெற்றோல் நிலையத்தில் அந்தப் பொதிகளைக் கண்டால் என் வாய் தானாகச் சார்க்கி என்று திருத்திச் சொல்லும், எவர் மீதாவது குற்றம் சொல்ல அந்த வாய் உன்னும்போதெல்லாம் முதலில் என் வேட்டிக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.