ஓட்டுபவர் யார் என்ற கட்டம்

1. தேசிக்காய்

முன் சில்லுகள் அடியில் வைத்த எலுமிச்சையில், எங்கள் தேசிக்காயில், ஏறவில்லை. கார் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"காஸ் குடு பிள்ளை! இன்னும் குடு!"

நிருஜா கொடுத்தாள். கிளச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தும் விட்டாள். கார் தேசிக்காயை நசுக்கிக்கொண்டு கோயில் வாசலிலிருந்து வீதிக்குப் பாய்ந்தது. எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த வெள்ளை வான் வண்டியின் பக்கத்தில் போய் இடித்து நின்றது. அது கண்ணாடி பொருத்துகிற ஒருவருடைய வான். பக்கத்துச் சட்டத்தில் கட்டியிருந்த இரண்டு பெரிய கண்ணாடிகளும் தெருவில் கொட்டின.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ஒரு தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த மண்டபம்தான் அப்போது எங்கள் கோயில். ஞாயிறு காலை. புதிதாக வாங்கிய பழைய காருக்குப் பூசை. யாருக்கும் காயமில்லை என்று தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறந்தது.

"ஐயா, நேரம் சரியாத்தான் பாத்தனீங்களோ?" என்று ஒருவர் கேட்டார்.

"நேரம் சரியடாப்பா. கிளச்சுதான் பிழை" என்றார் ஐயர்.

சிரிப்பு முடிவதற்குள் நிருஜாவின் தகப்பன் தேவராசா அண்ணை காரின் கதவைத் திறந்துவிட்டார். "இறங்கு. கெதியா இறங்கு."

"அப்பா, நான்தானே..."

"வாயை மூடு பிள்ளை."

மகளை இழுத்து இறக்கிவிட்டு அவரே சாரதி ஆசனத்தில் ஏறி இருந்துகொண்டார். வான்காரர் மேல்வீட்டிலிருந்து செருப்போடு இறங்கி வந்தபோது, தேவராசா அண்ணை ஸ்டேரிங்கைப் பிடித்தபடி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இஷ். இஷ்." நான், நான் என்று. வான்காரர் அவரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு நடுங்கிக்கொண்டு நின்ற நிருஜாவைக் கண்டுவிட்டு மேலே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தகரமும் கண்ணாடியும்தானே, ஆளுக்கு ஒன்றும் இல்லையே என்றார்.

தேவராசா அண்ணை என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார்.

"பாலன், நாளைக்குக் காப்புறுதி ஃபோர்மிலை நான் ஓடினதெண்டு எழுது. விளங்குதோ?"

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன் பிள்ளைகளே. மூத்தவன் இப்போது கார் பழகப் போகிறான். உங்கள் அப்பாவான நான் என்ன வேலை செய்தேன், அதில் எங்கே பிழைத்தேன் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. பெயர் கொடுப்பது

நான் அந்தக் காப்புறுதி அலுவலகத்துக்கு முதலில் போனது வாளியும் துடைப்பமும் கொண்டுதான். இரண்டு வருடம் கூட்டித் துடைத்தேன். ஒருநாள் ஒரு தமிழ்க் குடும்பம் வந்து ஒன்றும் விளங்காமல் முழித்தபோது, அலுவலகத்தை நடத்திய ஜெர்மன் பெண் ஃப்ரௌ பிரிங்மன் என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு அவர் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூடப் பிறந்தவர்கள்கூட எனக்கு அப்படி மேசை போட்டுக் கொடுத்திருப்பார்களா தெரியாது.

வேலையை அவரே சொல்லித் தந்தார். இங்கே காப்புறுதியின் விலையை விபத்தில்லாமல் ஓடிய வருடங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஒரு படி இறங்கும். லைசென்ஸ் எடுத்த புதிதில் உங்களுக்கு ஒரு வருடமும் இல்லை. ஆகவே அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கும் மேலே கேட்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை வாங்குகிற பழைய காரின் விலையை அதன் ஒரு வருடக் காப்புறுதி தாண்டிவிடுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோரும் தகப்பனின் பெயரில் இரண்டாவது காராகப் பதிவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். இந்தக் காரை ஓட்டப்போகிறவர்கள் யார், அவர்களில் இளையவருக்கு எத்தனை வயது என்று கேட்கும். அங்கே பிள்ளையின் பெயரை எழுதினால் விலை ஏறும். எழுதாவிட்டால் ஏறாது.

எங்கள் ஆட்கள் எழுதுவதில்லை.

அவர்களைக் கள்ளர் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒருவனுக்கு விசா கிடைத்தால் அவன் தன் பெயரை மற்றவர்களுக்குக் கொடுப்பான். டெலிபோன் அவன் பெயரில் இருக்கும், வீடும் அவன் பெயரில் இருக்கும். எனக்கு முதல் டெலிபோன் எடுத்துத் தந்தவர் தேவராசா அண்ணைதான், தன்னுடைய பெயரில். பெயர் கொடுப்பதைவிடப் பெரிய உதவி அப்போது எங்களுக்குள் இல்லை. அந்தப் பழக்கம் அப்படியே காருக்கும் வந்துவிட்டது. "இப்போதைக்கு என்ரை பேரிலை போடு, பிள்ளையின்ரை பேரைப் பிறகு பாப்பம்" என்பார்கள். நானும் போடுவேன். அந்தப் 'பிறகு' ஒருநாளும் வந்ததில்லை.

நிருஜாவுக்கு அந்தக் கார் விளையாட்டுக்கு அல்ல. வயோதிபர் இல்லத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தொடங்கியிருந்தாள். முதல் மாதங்கள், பார்த்துவிட்டு வைத்திருப்பார்கள் அல்லது அனுப்பிவிடுவார்கள். காலை ஆறு மணிக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயில் வருவதே அதற்குப் பிறகுதான். மூன்று தரம் பிந்திப் போனதால், இனிப் பிந்தினால் வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் தேவராசா அண்ணைக்கு டொப்பெல்கார்ட்டே என்ற அந்தக் காப்புறுதி அட்டையைக் கொடுத்தபோது, "அண்ணை, நிருஜாவின்ரை பேரைத் திங்களாவது சேர்ப்பம், அதுவரைக்கும் அவ ஓடவேண்டாம்" என்று சொல்லத்தான் செய்தேன். ஆனால் சுபநேரம் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஓடப்போகிறவள்தான் தேசிக்காயில் ஏற்ற வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். நானும் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.

3. வாசிக்காமல் வைத்த கையெழுத்து

திங்கள் காலை, தேவராசா அண்ணை வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போன விபத்துப் படிவத்தை நிரப்பினேன். எந்த இடம், எத்தனை மணி, எந்தக் கார். விபத்தின்போது ஓட்டியவர் என்ற கட்டம் வந்தது. தேவராசா என்று எழுதினேன். என் எழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்திருந்தது.

ஃப்ரௌ பிரிங்மனிடம் கொண்டுபோனேன். அவர் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். படிவத்தைக் கையில் வாங்கினார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், கையெழுத்து வைத்தார். ஒரு வரியும் வாசிக்கவில்லை.

"வாசிக்கேல்லையே?" என்று கேட்டேன்.

ரிசீவரைக் கையால் மூடினார். அவர் ஜெர்மனில் சொன்னதை நம்முடைய பேச்சிலேயே எழுதுகிறேன். "நீங்கள் எழுதினது தானே. என்னத்துக்கு வாசிக்கிறது?"

என் மேசைக்கு வந்து இருந்தேன். அந்தப் படிவத்தைக் கடிதத் தட்டில் போட்டேன். எடுத்தேன். திரும்பப் போட்டேன். அவர் வாசித்துவிட்டு ஏமாந்திருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஓடினது தகப்பன் இல்லை. மகள். நான் பக்கத்திலை நிண்டனான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். வேலை போய்விட்டது, திரும்பவும் வாளியைத் தேட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு நான் நினைத்தே பார்க்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"இதைப் போல இன்னும் எத்தனை இருக்கு, ஹெர் பாலன்?"

எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணத் தேவையே இல்லை. அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேசையில் வைத்தேன். தேவராசா அண்ணையின் கோப்போடு சேர்த்துப் பதினொரு கோவைகள்.

"நான் உதவி எண்டுதான் நினைச்சனான்" என்றேன்.

"ஆருக்கு?"

அவர் கதவைச் சாத்திவிட்டு விளக்கினார். வான்காரருக்கு எப்படியும் கம்பனி கட்டிவிடும், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் பெயர் சொல்லாத பிள்ளை ஓடியதற்குத் தகப்பன் கட்டாமல் விட்ட கட்டணத்தையும் கட்டி, மேலதிகமாக ஒரு வருடக் கட்டணத்தைத் தண்டமாகவும் கட்ட வேண்டும். தகப்பன் ஓடினேன் என்று எழுதி, அது பொய்யென்று பிடிபட்டால் அதற்குப் பெயர் மோசடி. பொலிஸ், வழக்கு, இவ்வளவு வருடம் காத்திருந்து எடுத்த விசாவும் போகும். கண்ணாடி விழுந்த சத்தத்துக்கு எத்தனை ஜன்னல் திறந்ததோ யாருக்குத் தெரியும்? மற்றப் பத்துக் குடும்பமும் விபத்து ஒன்று நடக்கும் முன் தாங்களாக வந்து சொன்னால், சொன்ன நாளிலிருந்து விலை ஏறும், வேறு ஒன்றும் இல்லை.

"சனிக்கிழமையளிலை ரெண்டு பேரும் இருந்து ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிடுவம். நானும் வாறன்" என்றார்.

கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு எனக்குப் புதியதொன்று தந்தார். என் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

4. "நீ எங்கடை ஆளோ?"

புதிய படிவத்துக்குத் தேவராசா அண்ணையின் கையெழுத்து வேண்டும். பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் எழும்பி நின்றுவிட்டார்.

"நீ எங்கடை ஆளோ, அந்த ஜெர்மன்காரியின்ரை ஆளோ?"

"அண்ணை, பிடிபட்டால்..."

"ஆர் பிடிக்கிறது? கோயிலிலை நிண்ட அவ்வளவு பேரும் நான்தான் ஓடினதெண்டு சொல்லுவினம். ஐயரும் சொல்லுவார்."

"ஐயர் சொல்லமாட்டார்" என்று குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அவர் கிளச்சைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிப்போட்டார்."

"நீ சும்மா இரு! பாலன், உனக்கு நான் டெலிபோன் எடுத்துத் தரேக்கை உது பொய், உதிலை கையெழுத்து வையாதையுங்கோ எண்டு நீ சொன்னனியோ?"

அவர் கேட்டது உண்மைதான். நான் சொல்லவில்லை, அந்த டெலிபோனில் சந்தோஷமாகக் கதைத்தேன்.

"உண்மையை எழுதினால் காரை வித்துப்போடுவன். எனக்கு ரெண்டு காருக்கு உந்தக் காசு கட்டேலாது. அவள் வீட்டிலை இருக்கட்டும்."

அப்போதுதான் நிருஜா வேலை முடிந்து உள்ளே வந்தாள். இல்லத்தின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாங்கள் கதைத்ததைப் படியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"அப்பா, எனக்குக் கார் வேணும். பொய் வேண்டாம்."

"ரெண்டும் ஒண்டாய்த்தான் வரும் பிள்ளை."

"அங்கை ஒரு ஆச்சிக்கு நான் மருந்துக் குளிசை குடுத்தால் என்ரை பேரைத்தான் எழுதவேணும். வேறை ஆளின்ரை பேரை எழுதினால் அண்டைக்கே வீட்டை அனுப்பிடுவினம். அங்கை ஒரு மாதிரி, இங்கை ஒரு மாதிரி எனக்கு ஏலாது."

தேவராசா அண்ணை என்னைப் பார்த்தார். "பாலன், நீ போ" என்றார். அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு நான் இரண்டடி போனேன். கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார். இறங்கி வந்துவிட்டேன்.

செவ்வாய் காலையில் அந்தப் படிவம் எங்கள் தபால் பெட்டிக்குள் கிடந்தது. கையெழுத்து இருந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை.

5. சனிக்கிழமைகள்

அந்தச் சனிக்கிழமைகளை நான் மறக்கமாட்டேன். ஃப்ரௌ பிரிங்மன் கேக் சுட்டுக் கொண்டுவருவார். உங்கள் அம்மா வடை கட்டித் தருவா. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு குடும்பம் கோவையைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பனிக்குப் போய்விட்டது, என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. மற்றவர்களோடு அவர் பொறுமையாக இருந்து வழி தேடினார். எந்தக் கார் மொடலுக்குக் காப்புறுதி குறைவு, வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள், இந்தப் பழைய காருக்கு முழுக் காப்புறுதி என்னத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நேர்வழியிலும் விலையைக் குறைக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். முன்பு நான் கேட்டிருந்தால் அப்போதும் சொல்லித் தந்திருப்பார். நான்தான் கேட்கவில்லை.

தேவராசா அண்ணையின் கோவையை ஃப்ரௌ பிரிங்மன் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவரின்ரை பெரிய வான் வருசத்துக்கு எவ்வளவு ஓடுது?"

"கலியாணங்களுக்கும் கோயிலுக்கும்தான். வேலைக்கு அவர் சைக்கிளிலை போறவர்."

"அப்ப ரெண்டு வாகனம் என்னத்துக்கு? விபத்தில்லாத இவ்வளவு வருசமும் அந்த வானிலை கிடக்குது. அதைச் சின்னக் காருக்கு மாத்தி, மகளின்ரை பேரையும் எழுதினால் கட்டக்கூடிய விலை வரும்."

கணக்குச் சரி. ஆனால் அந்த வானை விற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது பேர் இருக்கிற வான். இந்த ஊரில் எத்தனையோ பொம்பிளைகள் மணவறைக்குப் போனது அந்த வானில்தான். நீங்கள் இரண்டு பேரும் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். ஒரு தாளில் இரண்டு விலையையும் எழுதி, நிருஜாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த நாட்களில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது நான்தான். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, தேவராசா அண்ணை அலுவலகத்துக்குள் வந்தார். கையில் தமிழ்க்கடைப் பை ஒன்று. வணக்கமும் சொல்லவில்லை, இருக்கவும் இல்லை. பையிலிருந்து இரண்டு நம்பர் தகடுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"வானை வித்திட்டன். தண்டத்தையும் அதிலேயே கட்டிப்போட்டன்."

"இது எனக்குத் தேவையில்லை அண்ணை. பதிவை நிப்பாட்டின பேப்பர் காணும்."

"வைச்சிரு. வீட்டிலை வைச்சால் மனிசி பாத்துப் பாத்து அழுறாள்."

அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது. நான் பேப்பரை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"அவளின்ரை பேரை எழுது" என்றார். "முழுப் பேரையும் எழுது."

எழுதினேன். இயந்திரம் விலையை அச்சடித்துத் தள்ளியது. ஓட்டுனர் இரண்டு பேர், இளையவருக்குப் பத்தொன்பது வயது. அவர் தாளைத் தூரப் பிடித்து வாசித்தார். "முருகா" என்றார். பிறகு, "பேனையைத் தா" என்றார்.

நிருஜா அந்த அவுஸ்பில்டுங்கை முடித்தாள்.

மூத்தவனே, உன் லைசென்ஸ் வந்ததும் என் காரின் கோவையை எடுப்பேன். விலை கூடத்தான் வரும். அம்மா ஏசுவா. அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் காரின் திறப்பை உன் கையில் தருவேன்.