கிளிப்பச்சைப் பிசிறு

திருப்பூர்க்காரர்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தால் யாரும் வெட்கப்படுவதில்லை. நானும் படவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

ராயபுரத்தில் எங்களுக்குச் சிறிய பனியன் கம்பெனி. நான் வேலை பார்ப்பது கோவை சாலையில் ஓர் ஆய்வகத்தில். சில குழந்தைகளின் உடம்பில் பிறவியிலேயே சுரக்காத ஒரு நொதி உண்டு. கேரட் செல்லுக்குள் மனித மரபணுவைச் செலுத்தி, அவர்களுக்கு மருந்தாக அந்த நொதியைச் சுரக்க வைக்கிறோம். செடியும் இல்லை, கிழங்கும் இல்லை. குடுவைத் திரவத்தில் செல்கள் மட்டும் குலுங்கிக்கொண்டே வளரும். ஒரு தூசி விழுந்தால் பூஞ்சை பிடித்து எல்லாம் பாழ். "பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது" என்று கதவில் எழுதி ஒட்டிய மகராசியே நான்தான்.

அன்று காலை ஷிப்மென்ட். சரக்கு ஏறும் நாளில் எங்கள் வீட்டில் படித்தவள், படிக்காதவள் கிடையாது; எல்லோரும் உட்கார்ந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுவோம். கிளிப்பச்சை டி-ஷர்ட். நேரமாகிவிட்டதென்று குளிக்காமலே ஓடினேன். மேலங்கி மாட்டினால் போதாதா என்ற திமிர். தாய்க் குடுவையைத் திறந்து பன்னிரண்டு குடுவைகளுக்குப் பிரித்து ஊற்றினேன்.

நான்காம் நாள் பதின்மூன்றிலும் பூஞ்சை. தாய்க் குடுவையில் ஒரு கிளிப்பச்சை நூல் மிதந்தது. அதை மட்டும் யாரும் பார்க்குமுன் கொட்டிக் கழுவிவிட்டேன்.

குடுவைகளைக் கிருமி சாக நீராவியில் வேகவைத்துத் தருகிற அக்கா மூலனூர்க்காரர். அவர் சரியாக வேகவைக்கவில்லை என்று அறிக்கை எழுதி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பிறகு அவரை எங்கள் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதேதான். குற்றம் அதனால் குறையவில்லை. ஷிப்மென்ட் நாளில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போன வாரம் பிசிறு வெட்டிக்கொண்டே அக்கா கேட்டார்: "ஏனுங் கண்ணு, அந்தக் கேரட்டு மறுக்கா வளந்துருச்சுங்களா?"

"வளருதுங்க்கா."

"நாந்தான் அன்னிக்குச் சரியா வேக வெக்காம உட்டுப்போட்டனாட்ட இருக்குதுங்க. அந்தக் கொழந்தைங்கள நெனச்சா இன்னும் மனசு அடிச்சுக்குது."

"இல்லீங்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் அவர் கையை நீட்டி, என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

"இப்படியே வேலைக்குப் போயிராதீங்க கண்ணு, குளிச்சுட்டுப் போங்க" என்றார்.