விமானம் போகட்டும்

திருச்சியிலிருந்து வந்து, தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, விமான நிலையத்தை ஒட்டிய பம்மலில் மேரி அக்கா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன். தெரு விழாவில் அவர் போடுவதற்காக ஒரு குறுநாடகத்தைப் பரிந்துரைக்க வந்தேன். பேச்சை நிறுத்திவிட்ட கணவன் மனைவியின் கதை. மௌனம் அதிகம் என்று இரண்டு குழுக்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டன.

வாசிக்கும்போது தலைக்கு மேல் விமானம் இரைகிறது. நிறுத்துகிறேன்.

"இங்க எப்பவும் இந்த பேஜார்தான் சார். போன வருசம் கிளைமாக்ஸ் டயலாக்கே யாருக்கும் கேக்கல. இதுல பேசாத எடம் நெறைய கீதுல்ல?"

"பாதி நாடகம் அதுதான் அக்கா," என்கிறேன் பயந்தபடி.

"அப்ப இதான் சார் நமக்கு. பிளேன் வந்தா கோச்சிக்கலாம், போனா பேசிக்கலாம்."

அப்பாடா என்று சாய்கிறேன். அடுத்த விமானம் வருகிறது. அக்கா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நடிக்கத் தொடங்கிவிட்டார்.