மாங்காய் டோக்கனும் குப்பம்மாவின் போனும்

அடுத்தவர் போனில் ஆப் ஏற்றிக் கொடுப்பதும் கல்யாணத் தரகும் ஒன்றுதான்: நன்றாக ஓடினால் நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஓடாவிட்டால் நம்மைத் தவிர வேறு யாரும் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். வீட்டில், தெருவில், ஆபீசில் “இத கொஞ்சம் பாரேன்” என்று போன் நீட்டப்படும் பிறவி எடுத்தவரா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே சாதி.

என் கதை இது. சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. சீசனில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் அதன் கேட்டில் இரண்டு நாள்கூட நிற்கும். வெயிலில் காய் கனிந்து, வடிந்து, ஈ மொய்த்துவிடும். இதற்கு மருந்தாகத் திருப்பதியில் எங்கள் சின்னக் கம்பெனி ஓர் ஆப் செய்தது. எந்த டிராக்டர் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று போனிலேயே டோக்கன் வரும். விவசாயிகள் போனில் அதை ஏற்றுவது என் வேலை. பிளே ஸ்டோரில் போட நேரமில்லை, ஃபைலாகவே கொடு என்றார்கள். ஃபேக்டரி மேனேஜர் முனிரத்தினம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: “சீசன் மொதல் நாள் ஒருத்தர் பேப்பர் சீட்டு கேட்டாலும் பழைய முறைதான். ஆப்பும் வேணாம், நீங்களும் வேணாம்மா.” நானோ ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தவள். ஆப் நிலைத்தால்தான் எனக்கும் வேலை நிலைக்கும்.

போனுக்கு நல்ல நாள்

குடிபாலா பக்கம் அண்ணாமலை என்று ஒரு பெரியவர். அவர் போனில் ஆப் ஏறியது, திறந்தது, ஆனால் எந்த டோக்கனும் நிற்கவில்லை. சோதனைக்காக நான் அனுப்பிய டோக்கன் வந்த கையோடு ‘காலாவதி’ என்று சிவப்பாகிப் போனது. அழித்து ஏற்றினேன், அணைத்துப் போட்டேன், வெயிலில் நின்று சிக்னல் பிடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேதி கண்ணில் பட்டது. ஊரெல்லாம் ஒரு தேதியில் இருக்க, அண்ணாமலையின் போன் மட்டும் மூன்று வாரம் கழித்து வரும் தேதியில் வாழ்ந்துகொண்டிருந்தது.

விசாரித்தால், பெங்களூரில் வேலை செய்யும் மகன் அந்தப் போனை மார்கழியில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். மார்கழியில் புதுசாக எதையும் தொடங்கலாமா? தை பிறக்கும்வரை காத்திருக்கவும் மனசில்லை. அதனால் போனைத் திறந்ததும் அதன் தேதியைத் தை முதல் நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டுத்தான் மகனுக்கே முதல் கால் போட்டிருக்கிறார். பிறகு அதைத் திருப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தேதியைச் சரிசெய்தால்தான் டோக்கன் நிற்கும் என்று விளக்கினேன். பெரியவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், பிறகு பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார்: “மாத்து கண்ணு, மாத்து. ஆனா ராவு காலம் தாண்டட்டும். இல்லாங்காட்டி நீ போனதும் நான் இன்னொரு வாட்டி மாத்தணும்.”

பதினோரு மாங்காய்

சித்தூரில் எங்கள் சர்ச்சுக்கு வருபவர்களிலும் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்திலேயே எல்லார் போனிலும் ஏற்றிவிடலாம் என்று போதகர் ஐயர் அனுமதி கொடுத்தார். நான் ஒருத்தி, போன்கள் ஏகப்பட்டது. அப்போது எனக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சாமுவேல் சார் தாமாக முன்வந்தார். “ஒண்ணு செஞ்சி காட்டு எஸ்தர், மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் போனிலேயே ஏற்றிக் காட்டினேன். என்ன ஒரு கூர்மை, என்ன ஒரு தலையாட்டல்! எனக்கு அன்று பாதிப் பாரம் இறங்கியது.

அடுத்த வாரம் பதினோரு பேர் முடிந்ததாகச் சொல்லி வரிசையாக நிறுத்தினார். பதினோரு போனிலும் எங்கள் ஆப்பின் மாங்காய்ப் படம் பளிச்சென்று இருந்தது. ஒன்றைத் தொட்டேன், திறக்கவில்லை. அழுத்தினேன், அசையவில்லை. உற்றுப் பார்த்தால், சார் தம் போன் திரையைப் படம் பிடித்து, அதைப் பதினோரு பேருக்கும் அனுப்பி, திரையில் முகப்புப் படமாக ஒட்டிவைத்திருக்கிறார். ஒரு வாரமாகப் பதினோரு விவசாயிகள் அந்த மாங்காயை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் ஆசிரியர் ஆயிற்றே, மெதுவாக எடுத்துச் சொன்னேன். சாருக்கோ துளி வருத்தம் இல்லை. “படம் வந்துடுச்சில்ல? முக்காவாசி வேலை முடிஞ்ச மாதிரி. கால்வாசி உனக்கு விட்டிருக்கேன், போடு” என்றார்.

எண்ணூறு போன்

நகரிப் பக்கத்து முனுசாமிக்கு வந்த சிக்கல் வேறு. ஆப் திறக்க ஓடிபி வேண்டும். அது ஃபேக்டரி பட்டியலில் உள்ள நம்பருக்குத்தான் போகும். முனுசாமி பட்டியலில் கொடுத்திருந்ததோ மகள் பவானியின் நம்பர். காரணம், யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுபவள் அவள்தானாம். பவானி சத்தியவேடு பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன் தயாரிக்கிற இடத்துக்குள் சொந்தப் போன் கொண்டுபோகக்கூடாது. கேட்டில் பெட்டியில் போட்டுவிட்டு, ஷிஃப்ட் முடிந்துதான் எடுக்கவேண்டும். ஓடிபியின் ஆயுளோ பத்து நிமிஷம். அவள் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்து கூப்பிடும் நேரத்தில் இங்கே முனுசாமி தோப்பில் சிக்னல் இல்லாத மூலையில் இருப்பார்.

பார்த்தேன். முனுசாமியின் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். கம்பெனி கேட்டில், ஷிஃப்ட் விடும் நேரத்தில், தகப்பன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மகளுக்காகக் காத்து நின்றேன். பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். பவானி பெட்டியிலிருந்து தன் போனை எடுத்ததும் பட்டனைத் தட்டினேன். அந்த ஆறு எண்ணும் அவள் போனில் வந்து விழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் நடுரோட்டில் குதித்தோம். செக்யூரிட்டிகூடச் சிரித்துவிட்டார். பவானி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “காத்தாலேந்து எண்ணூறு போன கையால தொட்டுட்டு வரேங்க்கா. ஒண்ணுத்துலயாச்சும் எங்க நைனாவோட ஓடிபி வந்துச்சா பாரு!”

ஓடுகிற வண்டி

எல்லாரும் ஒரு பக்கம் என்றால் குப்பம்மா அக்கா ஒரு பக்கம். அடுத்தவர் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்தே ஐம்பது வயது வந்தவர். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர். போன வருஷம்வரை இன்னொருத்தர் பேரில்தான் அவர் காய் ஃபேக்டரிக்குப் போனது. இந்த வருஷம் முதல்முறையாகப் பட்டியலில் அவர் பேரே ஏறியிருந்தது. அந்தப் பேரை என்னிடம் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆகவே அவர் டோக்கன் வராமல் போனால் எனக்கு வேலை போவதைவிட அதிகமாக வலிக்கும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் அந்தப் போன்! குவைத்தில் வண்டி ஓட்டும் மகன் எப்போதோ அனுப்பியது. கண்ணாடி விரிசல், பின்மூடிக்கு ரப்பர் பேண்ட். வாட்ஸ்அப்பே அதைக் கைகழுவிவிட்டது. எங்கள் ஆப் அதைப் பார்த்ததும் ‘இந்தப் போனில் ஓடாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் கம்பெனியில் ஆப் எழுதத் தெரிந்த ஒரே ஆள் வெங்கடேஷ். அவரிடம் கெஞ்சி, பழைய போனிலும் ஓடுகிற மாதிரி ஒரு ஃபைல் செய்யவைத்தேன். “ஒருத்தருக்காகவா மேடம்?” என்று அலுத்துக்கொண்டுதான் கொடுத்தார். அதை மெமரி கார்டில் போட்டு ஏற்றியதும் ஓடியது. புதுப் போனிலும் அதே ஃபைல் ஓடியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? போகும்போதெல்லாம் “இதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டார்: “பேசனா கேக்குது, கேட்டா பேசுது. ஓடிக்கினு கீற வண்டிய எவனாச்சும் எடைக்குப் போடுவானாம்மா?”

புது வெர்ஷன்

சீசன் தொடங்க ஒரு நாள் இருந்தது. பட்டியலில் எல்லார் பேருக்கும் நேராக டிக் போட்டாயிற்று. நான் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தேன். அப்போது வெங்கடேஷ் கூப்பிட்டார். புது வெர்ஷன் தயாராம், கலர் மாற்றியிருக்கிறாராம், பார்க்கப் பிரமாதமாக இருக்கிறதாம். பழையதை அழித்தால்தான் புதியது ஏறுமாம்.

உங்களில் அனுபவசாலிகள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அந்த அனுபவம் அப்போது இல்லை. விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில், தமிழிலும் தெலுங்கிலும், ‘பழையதை அழிக்கவும், இதை ஏற்றவும்’ என்று நானேதான் அனுப்பினேன். இரண்டு ஃபைல் இருந்தால் குழப்பம் வருமே என்று என் போனிலும் லேப்டாப்பிலும் இருந்த பழையதையும் துடைத்து எடுத்தேன். சாயங்காலத்துக்குள் குரூப் முழுக்கக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. திறந்து பார்த்தீர்களா என்று நான் யாரையும் கேட்கவில்லை. சாமுவேல் சார் கும்பிடு போட்டிருந்தார். வெங்கடேஷுக்குச் சொன்னேன், அவருக்கும் பரம திருப்தி: “இனிமே ஒரு கவலையும் இல்ல மேடம். நான் நிம்மதியா காலைல மலைக்குப் போய் சாமி பாத்துட்டு வரேன்.”

கேட்டில்

காலையில் ஃபேக்டரி கேட்டில் நாற்பது டிராக்டர். முதல் ஆள் ஆப்பைத் தொட்டார். புது நிறத்தில் மாங்காய் வந்தது, ஒரு கணம் நின்றது, மறைந்தது. அடுத்தவருக்கும் அதேதான். அதற்கடுத்தவருக்கும். வெங்கடேஷைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. திருமலையில் வரிசைக்குள் போகுமுன் போனைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் அவரைப் பிடிக்க ஏழுமலையானைத் தவிர யாராலும் முடியாது. நான் சர்ச்சில் வளர்ந்தவள். இருந்தாலும் சொல்கிறேன், அவரைச் சீக்கிரம் வெளியே அனுப்பு சாமி என்று மலைப்பக்கம் திரும்பி ஒரு வேண்டுதல் வைத்தேன். மேனேஜர் முனிரத்தினம் பேப்பர் சீட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒன்பதாவது டிராக்டரிலிருந்து குப்பம்மா அக்கா இறங்கி வந்தார். “எனுக்கு எட்டு மணின்னு காட்டுது. இவங்க ஏம்மா வழிய மறிச்சிக்கினு கீறாங்க?” என்று போனை நீட்டினார். விரிசல் கண்ணாடிக்குள் பழைய நிறத்தில் டோக்கன், கீழே அவர் பேர், முழுசாக. வாட்ஸ்அப் இல்லாத போன், என் செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை! நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். மெமரி கார்டில் அந்த ஃபைல் பத்திரமாக இருந்தது. அக்காவின் டிராக்டர் முதல் ஆளாக உள்ளே போனது, போன் மட்டும் என் கையில் நின்றது. புளூடூத்தில் அதிலிருந்து ஒரு போனுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு, டிராக்டர் டிராக்டராக ஃபைல் பின்னால் போயிற்று. சாமுவேல் சார் வரிசையின் கடைசியில் நின்று, “படம் இல்ல, ஃபைல்! ஃபைல அனுப்புங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார். மறுபடி ஓடிபி கேட்டது. நல்லவேளை, பவானி அன்று லீவு போட்டு நைனாவுடன் டிராக்டரில் வந்திருந்தாள். அண்ணாமலை மட்டும் காலண்டர் பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொட்டார்.

மத்தியானத்துக்குள் நாற்பதும் உள்ளே போய்விட்டது, ஒரு காய்கூட வடியவில்லை. முனிரத்தினம் பிரிக்காத சீட்டுக் கட்டை என் கையில் கொடுத்து, “வீட்டுக்கு மளிகை லிஸ்ட் எழுத வெச்சிக்கோங்கம்மா, இங்க இனிமே இதுக்கு வேலை இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு” என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடை போட்டு முடித்து, தன் பேர் அச்சடித்த ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குப்பம்மா அக்கா திரும்பி வந்தார். நான் இன்னும் அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “வாட்டிக்கு வாட்டி தூக்கிப் போடு, தூக்கிப் போடுன்ன. இப்போ இன்னாடான்னா கீழ வெக்காம புடிச்சிக்கினு கீறே. குடும்மா, எம்புள்ளகிட்ட சொல்லணும், மொதோ வண்டி நம்ம வண்டின்னு.”

இன்றைக்கும் புது வெர்ஷன் தயார் என்று திருப்பதியிலிருந்து போன் வந்தால், அதில் என்ன புதுசு என்று நான் கேட்பதில்லை, வெங்கடேஷ் அடுத்து எப்போது மலைக்குப் போகிறார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.