வீட்டுக்கு நடுவே ஒரு அளவுக் கட்டை

நில அளவை வேலையில் கருவியைச் சுமப்பது ஒரு பாரமே இல்லை. அதை மூன்று கால் விரித்து நிறுத்தியதும் நாலு பக்கத்தாலும் வந்து சூழும் கேள்விகளைச் சுமப்பதுதான் பாரம். மின்சார மீற்றர் வாசிக்கிறவர்கள், நுளம்புக்குப் புகை அடிக்கிறவர்கள், குடிசன மதிப்புக்குப் படியேறுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். மேலே இருக்கிறவர்கள் எடுக்கிற முடிவுக்குக் கீழே நின்று பேச்சு வாங்குகிற சாதி நாங்கள்.

மட்டக்களப்போடு நின்றுவிடும் ரெயில் பாதையைத் தெற்கே நீட்டலாமா என்று பார்க்கும் முதல் அளவை எனக்கு வந்தது. கல்லடிப் பாலம் தாண்டினால் நகரம் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய நிலம், அது முழுக்க வீடுகள். பாதைக்குக் கோடு எப்படிப் போட்டாலும் அது யாரோ ஒருவருடைய வீட்டு வளவுக்குள்ளால்தான் போகும்.

ஸ்டேசன் வேண்டும்

காத்தான்குடியில் ஒரு புடவைக் கடை ஹாஜியார் எங்களை வெயிலில் நிற்க விடவில்லை. கடைக்குள் கூப்பிட்டு மின்விசிறியைப் போட்டு, இஞ்சிப் பிளேன்டீயும் தந்தார். ரெயில் வந்தால் கொழும்புச் சரக்கு எப்படி வரும், ஊர் எப்படி எழும்பும் என்று எனக்கே வகுப்பு எடுத்தார். நானும் சந்தோசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் உதவியாள் வெளியே போய் அவருடைய கடை மதிலோரம் அளவு நாடாவைப் பிடித்ததுதான் தாமதம், மனிதர் எழுந்துவிட்டார்.

"ஸ்டேசன் எங்கட ஊருக்குக் கட்டாயம் வேணும் மிஸ். தண்டவாளத்த மட்டும் அடுத்த ஊரால கொண்டு போங்க."

நீண்ட கை

எல்லோரும் அப்படி இல்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருக்கும் ஒரு அக்கா தினமும் விடியற்காலையில் எங்களைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடுவார். பஸ் நிற்கும்போதே நிறைந்துதான் நிற்கும். மழை நாளில் மிதிபலகையில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகப் போவார். இவருக்காகவாவது ரெயில் வரத்தான் வேண்டும் என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"தொங்கித் தொங்கி இந்தக் கை மற்றக் கையை விட நீண்டுட்டு மிஸ். கெதியா அளந்து முடிங்க."

சிவப்புப் பெயின்ற்

தவராசா அண்ணன் ஒரு மேசன். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் ஒரே மகள் சுதர்சினிக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். வீடு எழும்பினால்தான் மாப்பிள்ளை வருவார். கல்யாணம் முடிந்ததும் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் கணவரும் அப்படித்தான், ஒரு சூட்கேசோடு என் வீட்டுக்கு வந்து இன்றுவரை அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறார். சுதர்சினிக்கும் பேசி முடித்திருந்தது. கூரை போட்டாயிற்று, தரை மட்டும் மண்ணாகக் கிடந்தது.

கோடு அந்த வீட்டின் நடு அறைக்குள் விழுந்தது. இரண்டு தரம் பார்த்தேன், மூன்றாம் தரமும் பார்த்தேன், அங்கேதான் விழுந்தது. அடையாளத்துக்கு அளவுக் கட்டையை அங்கே அடித்து இறக்கும்போது அவர் செவ்விளநீர் வெட்டிக்கொண்டிருந்தார், எங்களுக்குத்தான். இது முதல் அளவை அண்ணன், சும்மா பார்க்கிறதுதான், இரண்டாம் அளவையில் கோடு அங்கால இங்கால மாறலாம் என்றேன். அது உண்மைதான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா பாக்கிற கட்டை எண்டா அதுக்கு ஏன் மிஸ் சிவப்புப் பெயின்ற் அடிக்கிறீங்க?"

நடந்த கட்டைகள்

சில கிழமை கழித்துச் சரிபார்க்கப் போனால் கட்டைகளுக்கெல்லாம் கால் முளைத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வளவுக் கட்டையைப் பிடுங்கிப் பக்கத்து வளவில் நட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதை அதற்கு அடுத்த வளவுக்குத் தள்ளியிருந்தார். கடைசிக் கட்டை வாவிக்கரைச் சேற்றில் கண்ணா மரப் பற்றைக்குள் கிடந்தது. கட்டையை நகர்த்தினால் ரெயிலும் நகரும் என்று சனம் நம்பியது. நாங்கள் எல்லாப் புள்ளியையும் கருவியில் பதிந்து வைத்திருந்தோம், அதனால் சிரிப்புத்தான் வந்தது.

தவராசா அண்ணன் வீட்டுக்குப் போனதும் அந்தச் சிரிப்புப் போய்விட்டது. அங்கே மட்டும் கட்டை நட்டது நட்டபடி. ஆடு மாடு தட்டாமல் சுற்றிவர நாலு கல் வைத்துக் காவல் வேறு. ஏன் அண்ணன் நீங்கள் மட்டும் தொடவில்லை என்று கேட்டேன்.

"நான் அசைச்சா நீங்க திரும்ப அளக்கணும், அதுக்கு நாளாகும். மாப்பிள்ளை வீட்டாக்கள் ஆவணி வரைக்கும்தான் பொறுப்பாங்களாம்."

ஆயுசு

ஆனி மாதத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் தவராசா அண்ணனின் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் அந்தக் கட்டையைச் சுற்றித்தான் நின்றார்கள். சுதர்சினி குசினி வாசல் நிலையில் சாய்ந்தபடி என் வாயையே பார்த்தாள்.

வீடு நிற்கும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். பிறகு மண்வெட்டும் யந்திரம் வந்தால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்? வீடு போய்விடும் என்று சொல்லவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்னும் முடிவாகவில்லை என்றேன். அதைவிடப் பிரயோசனமில்லாத ஒரு வசனத்தை நான் வாழ்க்கையில் பேசியதில்லை. மாப்பிள்ளையின் தாய் கோபப்படவில்லை, பாவம், தன்மையாகத்தான் பேசினார்.

"பொண்ணில ஒரு குறையும் இல்ல மிஸ். பொண்ணுக்குப் பொருத்தம் பாத்தாச்சு, இனி வீட்டுக்கு ஆயுசு பாக்கணும்."

கந்தோர்

இரண்டாம் அளவை வரவில்லை. பணம் இல்லையாம், திட்டம் ஒத்திவைப்பாம். எங்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தவராசா அண்ணன் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு எங்கள் நில அளவைக் கந்தோருக்கு வரத் தொடங்கினார். அவர் கேட்டது பெரிய விசயமில்லை. நிலத்தை எடுக்கிறது என்றால் எடுக்கட்டும், வேறு நிலம் பார்த்துத் திரும்பக் கட்டுகிறேன். எடுக்கிறதில்லை என்றால் அதைச் சொல்லட்டும், ஆவணிக்குள் தாலி ஏறிவிடும். நான்தான் அவரைப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கெட்ட மனிதர் இல்லை. கதிரை போட்டு இருத்தி, முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"இல்லையெண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, ஓமெண்டு சொல்லக் காசு இல்ல. நான் என்னத்தச் சொல்ல ஐயா?"

தரை

ஆவணி போனது. மாப்பிள்ளைக்குக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் கோடு விழாத வீடொன்றில் பெண் பார்த்துவிட்டார்கள். கேள்விப்பட்டதும் மனம் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், கருவி இல்லாமல். தவராசா அண்ணன் தரைக்குச் சீமெந்து போட்டிருந்தார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. நடுவில் மட்டும், கட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை அப்படியே விட்டிருந்தார். ஊருக்கெல்லாம் பிசகில்லாமல் தரை போட்ட மனிதர் சொந்த மகளின் வீட்டில் ஒரு ஓட்டையோடு விட்டிருந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேலைக்குப் போயிருந்தார். சுதர்சினி மட்டும் தையல் மெசினில் இருந்தாள்.

நான் நட்ட கட்டை தங்கச்சி, நானே பிடுங்கிவிடுகிறேன் என்று குனிந்தேன். அவள் மெசினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"கட்டையப் புடுங்கினாக் கோடு போயிருமா மிஸ்? ரெயில் வந்தா அதில ஏறிப் போவன், வராட்டி இதுக்குள்ள குடியிருப்பன். ரெண்டில ஒண்டச் சொல்லச் சொல்லுங்க."

தெற்குப் பாதைத் திட்டத்தில் இதுவரை நடந்து முடிந்த ஒரே வேலை, ஒரு கல்யாணத்தைக் குழப்பியதுதான்.