எண்ணெய்த் தகரம்

அப்பா ஏசியபோதுதான் அங்கம்மா என்ற பெயரை முதலில் கேட்டேன். அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு அத்தை முறை, புருஷனை இழந்தவள். ஞாயிறு பொழுதுசாய தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த அவள் அறையில் அப்பாவும் மற்ற ஆண்களும் சீட்டாடுவார்கள். ஜெயித்தவர் லாம்பெண்ணெய்க்கும் தேத்தண்ணிக்கும் தகரத்தில் காசு போடவேண்டும்.

“லாம்பு இம்புட்டு எண்ணெயா குடிக்கும்? புது மூக்குத்தி ஏது தங்கச்சி?” என்று அப்பா அவளிடமே கேட்டார்.

“ஆத்தா போட்டதுண்ணே. சந்தேகம்னா ஆளுக்கொரு லாம்பு கொண்டாங்க!”

அப்படியே கொண்டுபோனார்கள். ஐந்து லாம்பும் எரிய, அறை கோயில் திருவிழாவாட்டம் ஜொலித்தது. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி மேட்டு வீட்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு இறங்கி வந்து சீட்டாட்டத்தைப் பிடித்துவிட்டார். ஆண்களுக்கு ஏச்சோடு போயிற்று. அத்தைக்கு வேலைப் பதிவில் பேர் வெட்டி, அறையையும் பிடுங்கினார்கள்.

றொசல்லத் தோட்டத்தில் தன் தம்பி வீட்டில் இருந்து செத்தாள். அந்தத் தோட்டத்து இடுகாட்டில்தான் கிடக்கிறாள்.