எலுமிச்சம்பழமும் பெர்மிட்டும்

எழுபதுகளில், டொராண்டோ ஸ்காபரோவில் கடை வாசல்களில் பனி தள்ளப் பழைய டிராக்டர் ஒன்று வாங்கினேன். அதற்கு வண்டிப் பதிவு தேவையில்லை என்று விற்றவர் சொன்னதும், எந்த அனுமதியும் வேண்டாம் என்று நினைத்துவிட்டேன்.

"ராகுகாலம் வரப்போகுது, சீக்கிரம் எடுங்க" என்றாள் மனைவி. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முனையிலேயே போலீஸ்காரர் மறித்தார். ரோட்டில் ஓட்டத் தனி பெர்மிட் வேண்டுமாம். இன்னொரு முறை பிடித்தால் வண்டி போய்விடுமாம்.

பெர்மிட் கொடுக்கும் அரசு அலுவலகத்தில், "பதிவில்லாத வண்டிக்கு எதுவும் தேவையில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போய், "அதையே எழுதிக் கொடுங்கள், போலீஸிடம் காட்டுகிறேன்" என்று கவுன்ட்டரை விட்டு நகராமல் நின்றேன். உள்ளே விசாரித்துவிட்டு வந்து பெர்மிட் கொடுத்தார்கள்.

வீடு திரும்பியபோது சரியாக ராகுகாலம். "கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள் மனைவி. நான் டிராக்டரைக் கிளப்பிவிட்டேன். அன்றிலிருந்து எந்த வண்டிக்கும், பெர்மிட் கைக்கு வரும் நேரமே எனக்கு நல்ல நேரம்.